தம்பியின் கணக்கில் என் பெயர்

கணவர் இறந்த பிறகு எனக்கு ஆதரவாக நின்றவன் தம்பிதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலைக்குச் சாப்பாடு போடும் கான்டிராக்ட் எடுத்திருந்தான். புதுவாயலில் கொட்டகை போட்டு, மூன்று வேளையும் சமைத்து வேனில் அனுப்புவான். நான் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. அதனால்தான் அவன் என்னிடம் வந்தான்.

"பேங்க்ல ஓ.டி. தராங்கக்கா. இருக்கறதுக்கு மேல எடுத்துக்கலாம். சம்பளக்காரங்க ஒருத்தரு கூட சேரணுமாம். நீ கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வங்கிக்குப் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தான்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலையில் ஆலை கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஐந்து மாதச் சாப்பாட்டுப் பாக்கி வரவே இல்லை. மளிகைக்காரர், கேஸ்காரர், கறிக்கடைக்காரர் எல்லோரும் தம்பி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவன் கோர்ட்டில் ஐ.பி. கொடுத்தான். திவால் மனு. அவனுக்காக அழுதேன். அது என்னையும் தொடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஆண்டு மகளுக்கு நர்சிங் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்காக அவளோடு வேறொரு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு ஓ.டி. கட்டாம நிக்குதே, தெரியுமா?" என்றார்.

"அது என் தம்பிதுங்க. அவன் ஐ.பி. கொடுத்துட்டான்."

"அது அவருக்குத்தாம்மா. ஜாயின்ட் அக்கவுண்ட்ல நீங்களும் கடன்காரங்க. அவரு விலகிட்டா முழுசும் உங்க மேலதான் வரும். உங்க கடன் ஸ்கோரு ரொம்ப விழுந்து கெடக்குது. மேல அனுப்புனாலும் திருப்பிடுவாங்க."

மகள் சான்றிதழ்களை எடுத்து ஒவ்வொன்றாக ஃபைலில் வைத்தாள். ரயிலில் எங்கள் ஊர் ஆரம்பாக்கம் வரும்வரை ஃபைலை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தேடிப் போனேன். சோழவரம் பக்கம் யாருடைய ஓட்டலிலோ பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவாமலே வெளியே வந்தான்.

"ஐ.பி. போட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு வக்கீல் சொன்னாருக்கா. என் ஊடு, என் கடன்னு அதையே கேட்டுக்கினு இருந்தேன். உன் பேரும் அதுல இருக்குதேன்னு ஒரு வார்த்த கேக்கல."

ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். மறந்துவிட்டேன் என்பவனை என்ன செய்வது? "சாப்டியா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினான். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

வங்கியில் பேசி, சம்பளத்தில் மாதாமாதம் கட்டி நான்கு வருடத்தில் முடித்தேன். வட்டியில் கொஞ்சம் தள்ளுபடி செய்தார்கள். அதனால் முழுதும் கட்டியதாக இல்லாமல், 'செட்டில்' செய்ததாகத்தான் என் கடன் பதிவில் இன்னமும் காட்டுகிறது. மகள் என் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள்.

பொங்கலுக்குத் தம்பி யாரிடமாவது வரிசை கொடுத்தனுப்புகிறான். நேரில் வருவதில்லை.

"மாமாவ வரச் சொல்லும்மா. எனக்கு அவரு மேல கோவம் இல்ல," என்கிறாள் மகள்.

சில நாள் போன் செய்வேன். மணி அடிக்கும்போதே, எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.