டியூப்பில் ஒரு காற்றுக் குமிழி

மில்லுக்காரம்மா வாயைத் திறந்தால் மோட்டார் சத்தமே அடங்கிப்போகும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள். புருவமெல்லாம் மாவு படிந்து, கையில் சல்லடையோடு நிற்கும் அவரிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. ஆற்றுக்கு மேலே உள்ள சரிவைப் பச்சையாக்கியது யார் என்று கேட்டால் எல்லோரும் ஊர்ச் சங்கத்தைக் கை காட்டுவார்கள். சங்கம் என்பதில் முக்கால்வாசி இந்த அம்மாள்தான்.

அந்தச் சரிவு ஒரு காலத்தில் காடாக இருந்தது. வெட்டி, விறகாகவும் பலகையாகவும் அனுப்பித் தீர்த்தாகிவிட்டது. அதற்குப் பிறகு மழை பெய்தால் ஆறு சேறாக ஓடும், மழை விட்டால் ஆறே இருக்காது. கீழ்த்தெருக் கிணறுகள் வற்றின. மேல்தெருவில் வீடுகளுக்குள் மண் புகுந்தது. கீழ்த்தெருக்காரர்கள் தங்கள் வயலை ஒட்டி ஒரு தடுப்பணை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"அணையக் கட்டினா ரெண்டே மழையில மண்ணு வந்து மூடிரும். அப்புறம் அதுல நின்னு பந்து விளையாடலாம். மேல இருந்து ஆரம்பிச்சாத்தான் கீழ நிக்கும்" என்றார் மில்லுக்காரம்மா.

அவர் இதை எங்கும் படிக்கவில்லை. சங்கத்துக்கு வழிகாட்ட வந்த பொறியாளர் அம்மா சொன்னதைக் கேட்டு, புரியாத இடத்தில் நூறு கேள்வி கேட்டு, புரிந்ததும் அதைத் தன் சொத்து மாதிரி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். திட்டம் எளிதானதுதான். சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் நீளநீளமாகப் பள்ளம் வெட்ட வேண்டும். ஓடுகிற மழைத்தண்ணீர் அதில் நின்று பூமிக்குள் இறங்கும். பள்ளத்தின் கரையில் கன்று நட வேண்டும். கன்று வளரும்வரை ஆடு மாடு அங்கே வாய் வைக்கக் கூடாது.

வெட்டுவதற்கு வாரம் ஒரு நாள், வீட்டுக்கு ஒருவர். வராத வீட்டுக்காரர்கள் மில்லில் வரிசையில் நிற்கும்போது மாட்டிக்கொள்வார்கள். "போன வாரம் உங்க வீட்ல யாரையும் காணோமே, எல்லாருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சலா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்பார். அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவார்கள்.

மசியாமல் நின்றவன் அவருடைய சொந்தக் கொழுந்தன். சரிவின் அடிவாரத்தில், ஓரத்துக் கடைசி வீடு அவனுடையது. ஆடு வளர்த்துப் பிழைப்பவன்.

"தண்ணி கீழ்த்தெருவுக்கு, பட்டினி என் ஆட்டுக்கா அண்ணி?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. மில்லுக்காரம்மா வேறு பக்கமாக வந்தார்.

"வருஷா வருஷம் உன் வீட்டுக்குள்ள மண்ணு வருதா இல்லயா?"

"வருது."

"இனிமே வராது. ஒரு கை மண்ணு வந்தாலும் நேரா எங்கிட்ட வா தம்பி. நான் பொறுப்பு."

அந்த ஒரு வாக்கை நம்பி அவன் பாதி ஆடுகளை விற்றான். மீதியை முற்றத்தில் கட்டிப்போட்டு, எங்கெங்கோ போய் தழை அறுத்துச் சுமந்து வந்தான். ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை. அதுதான் மில்லுக்காரம்மாவை உறுத்தியது.

மட்டம் பார்த்தது டியூப் லெவலில். கண்ணாடிபோல உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூப், அதற்குள் துணிக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீர். ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் தள்ளிப் போய்ப் பிடிப்பார். இரண்டு பக்கமும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் மட்டம். பின்முனையை எப்போதும் மில்லுக்காரம்மாதான் பிடிப்பார், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன்பு இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துச் சரிபாருங்கள் என்று பொறியாளர் அம்மா சொல்லியிருந்தார். முதல் நாள் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பேச்சே இல்லை.

கடைசிப் பள்ளமும் முடிந்து, வானம் கறுக்கத் தொடங்கிய ஒரு காலையில், மில் தரையைக் கழுவ அந்த டியூப் போதும் என்று ஆணியிலிருந்து எடுத்தார். உள்ளே இருந்த நீலத்தைக் கொட்ட, இரண்டு முனைகளின் அடைப்பையும் பிடுங்கி ஒன்றாகப் பிடித்தார். ஒரு பக்கம் நீலம் இரண்டு விரல் உயரமாக நின்றது. சுருளைத் தடவிக்கொண்டே போனார். நடுவில், நிலக்கடலை அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு தடவை முனையை நகர்த்தியபோதும் இரண்டு விரல். அப்படியென்றால் பள்ளம் எதுவும் மட்டமாக இல்லை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, முன்முனை எப்போதும் நகர்ந்தது ஓரத்துக் கடைசி வீட்டுப் பக்கமாகத்தான். சரிவு முழுவதன் தண்ணீரையும் திரட்டி, கொழுந்தன் வீட்டுத் தலையில் கொட்ட அவரே வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார்.

சொன்னால் ஊர் சிரிக்கும், பாதிப் பேர் கம்பி நீட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் மேட்டுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். சொல்லாமல் இருந்தால் மழை சொல்லிவிடும். மோட்டாரை நிறுத்தினார். வரிசையில் நின்றவர்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க. மட்டம் தப்பாப் போச்சு. என் கையில இருந்த டியூப்புல காத்து. சரிபார்க்கச் சொன்னாங்க, நான் பார்க்கல" என்று உரக்கச் சொன்னார். ஊரையே கண்ணில் விரல் விட்டு ஆட்டிய வாய், சுற்றி வளைக்காமல் அதையும் சொன்னது. அந்த அம்மாளின் பெருமை என்று ஒன்றைச் சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

கூச்சல் எழத்தான் செய்தது. ஒரு வருஷ உழைப்பு மண்ணாகப் போயிற்று என்றார் ஒருவர். உங்களுக்குக் காய்ச்சலா என்று பழி தீர்த்தார் இன்னொருவர். போன் போட்டபோது பொறியாளர் அம்மா திட்டவில்லை. பள்ளத்தைத் தூர்க்க வேண்டாம், உள்ளேயே கொஞ்சம் கொஞ்சம் தூரத்துக்கு ஒரு மண்தடுப்பு வையுங்கள், தண்ணீர் ஓடாமல் குழிகுழியாக நிற்கும் என்றார். முதலில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறியவன் கொழுந்தன். அவன் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

மேல் வரிசைகள் முடிந்து, கடைசி வரிசையில் பாதி தடுப்பு வைக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். கொழுந்தன் நனைந்து போய் வீட்டு வாசலில் ஏறினால், அங்கே மில்லுக்காரம்மா ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, மூட்டை முடிச்சோட?"

"பிள்ளைங்களக் கூட்டிட்டு எங்க வீட்டுக்குப் போங்க. நான் இங்க இருக்கேன். தடுப்பு பிச்சுக்கிட்டு வந்தா என் தலையில வரட்டும்."

பிள்ளைகளையும் மனைவியையும் அனுப்பிவிட்டு அவன் மட்டும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஆடுகளையும் உள்ளே ஓட்டிவந்தான். மில்லுக்காரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆடு அவர் பையின் கைப்பிடியை மென்று தின்றது. அதைக்கூட அவர் விரட்டவில்லை.

மேட்டில் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. இருவரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். கடைசி வரிசையில் ஒரு குழியின் தடுப்பு உடைந்திருந்தது. அதன் தண்ணீர் அடுத்த குழியில் போய் விழுந்து, விளிம்புவரை ஏறி, அங்கேயே நின்றது. இருவரும் உடைப்பில் மண்ணை வெட்டிப் போட்டு, மிதித்து இறுக்கினார்கள். மேலே வரிசை வரிசையாக எல்லாக் குழிகளிலும் தண்ணீர் நின்றது. ஒன்றும் கீழே ஓடவில்லை. மழை வலுவிழக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு இறங்கி வந்தார்கள்.

வாசற்படிக்குப் பக்கத்தில் மெலிதாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக. மில்லுக்காரம்மா படியேறி உள்ளே போய், மூலை மூலையாகக் குனிந்து பார்த்தார்.

"மண்ணு வந்துருச்சு அண்ணி" என்றான் கொழுந்தன் வாசலிலிருந்து.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "எங்கடா?"

அவன் தரையைக் காட்டினான். வாசலிலிருந்து அவர் நின்ற இடம்வரை அவருடைய காலடித் தடங்கள், ஒவ்வொன்றிலும் அப்பிய சேறு.

"ஒரு கை மண்ணு வந்தாலும் எங்கிட்ட வான்னு சொன்னீங்கல்ல. வந்துட்டேன்" என்று விளக்குமாற்றை நீட்டினான்.

மில்லுக்காரம்மா அதை வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே அந்தத் தரையைக் கூட்டினார்.