மொட்டை முள்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எட்டாவதோடு நின்றவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்ற சோம்பல். தவிர, இதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றுமில்லை.

எழுபதுகளில் மாமல்லபுரத்தில், வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கும் கடையில் இருந்தேன். செங்கல்பட்டு பங்களா ஒன்றைக் காலி செய்தபோது விசித்திரமான ஒரு பெட்டி வந்தது. இசைத்தட்டுக்குப் பதில், நீள டம்ளர் மாதிரி மெழுகு உருளையை மாட்டிச் சாவி கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து ஆபீசில் துரைமார் கடிதத்தை இதில் பேசிப் பதிவு செய்வார்களாம். டைப் அடிப்பவர் கேட்டு அடிப்பாராம்.

திருவிடந்தை சிநேகிதனிடம் சொன்னேன். மறுநாளே சைக்கிளில் பிஸ்கட் டப்பாவோடு வந்தான். உள்ளே, துணி சுற்றிய ஒரு மெழுகு உருளை. அவன் அப்பா அப்படியோர் ஆபீசில் பியூன். யாருமில்லாதபோது இதில் அவன் அம்மாவுக்கு ஏதோ பேசி, வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். போட்டுக் கேட்கப் பெட்டி ஏது? இவன் பிறக்கும் முன்பே செத்தும் போனார்.

"நைனா கொரலு எப்டி இருக்கும்னே தெரியாது மச்சான். நான் கேட்டுட்டு, அப்பால அம்மாவ இட்டாறேன்."

பெட்டியோடு இரண்டு முள் இருந்தன. ஒன்று கூர், ஒன்று மொட்டை. கிராமபோன் பார்த்தவன் நான். மொட்டை தேய்ந்துபோனது என்று ஓரமாக வைத்துவிட்டுக் கூர்முள்ளை மாட்டினேன். உருளை சுற்றியது, சத்தமில்லை. மெழுகு சுருள்சுருளாக வந்தது. அழுக்கு என்று ஊதினேன். சும்மா இருக்கிற வாயா என் வாய்? பெட்டியின் பேசுகுழலுக்குள் குனிந்தேன்.

"இன்னா நைனா, தூங்கிகினு கீறியா? புள்ள வந்துகீறான், எழுந்து பேசு!"

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இன்றும் உறுத்துகிறது.

எதற்கும் பார்ப்போமென்று மொட்டை முள்ளை மாட்டி, முதலிலிருந்து ஓடவிட்டேன். கரகரப்பு. பிறகு ஒரு குரல். அவன் பெட்டியை இரு கையாலும் பிடித்துக் காதை வைத்தான்.

"இன்னா நைனா, தூங்கிகினு கீறியா?"

என் குரல். கடைசிவரை வேறு யாரும் பேசவில்லை. கேட்பதற்கு மொட்டை முள். கூர்முள் பழையதைச் சீவிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்வதற்கு.

உருளையைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டு வெளியே போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"முள்ள மாத்திப் போட்டதுதான் மச்சான் தப்பு. நான் பேசாட்டியும் அது அழிஞ்சிதான் இருக்கும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, திரும்பாமல் சொன்னான்:

"நீ வாய மூடிகினு இருந்திருந்தா, காலியாவாவது இருந்திருக்கும்டா."