இரண்டு நட்டு, ஒரு சத்தம்

நேற்று மகளுக்கு ஆன்லைனில் வாங்கிய மேசையைப் பாகம் பாகமாகப் பொருத்திக்கொண்டிருந்தேன். எப்படிப் பொருத்துவது என்று படம் போட்ட காகிதம் ஒன்று தருகிறார்களே, அதை வரைந்தவனையே கூட்டிவந்து பொருத்தச் சொல்ல வேண்டும். கடுப்பில் கை பட்டு, விளிம்பில் இருந்த இரண்டு நட்டுகள் விழுந்தன. ஒன்று நேராகக் கீழே, இன்னொன்று பறந்து சோபா பக்கம். தரையில் ஒரே 'டங்'. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அப்பா, ஒய் ஆர் யூ ஆங்ரி?" என்றாள் மகள். ஐ.டி. கம்பெனிகள் சூழ்ந்த மாதாப்பூரில் வளரும் பிள்ளை, தமிழில் திட்டினால்கூட ஆங்கிலத்தில்தான் பதில்.

என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவர் சட்டைப் பையில் கிரீஸ் வாசனையோடு வரும் நட்டுகள்தான் செகந்திராபாத் காலனி வீட்டில் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். அக்கா ஒன்றை மேசை விளிம்பில் வைப்பாள், இன்னொன்றைப் பக்கத்தில் அதே உயரத்தில் பிடித்துக்கொள்வாள். அதைச் சுண்டும் நொடியில் இதை விடுவாள். எவ்வளவு வேகமாகச் சுண்டினாலும் இரண்டும் ஒன்றாக விழுந்து ஒரே டங்.

"முன்னாடி போறது வேற, கீழ விழறது வேறடா. இன்னும் வேகமா, பயங்கர வேகமா வீசினேன்னு வை, அது விழ விழ பூமியும் வளைஞ்சுகினே போயிடும். விழுந்துகினே சுத்தும். சாட்டிலைட்டு, நிலா எல்லாம் அப்படித்தான்" என்பாள்.

"நிலா நம்ம தலைல விழாதா?" என்பேன்.

"நக்கோடா, விழாது, பயப்படாத" என்று செல்லமாகக் குட்டுவாள். அப்போது பத்தாவது படித்தாள். ராக்கெட் விடும் வேலைக்குத்தான் போவேன் என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒருநாள் வகுப்பில் ஃபிசிக்ஸ் சார், நேராக விழுவதுதான் முதலில் தரைக்கு வரும் என்றிருக்கிறார். இல்லை சார் என்று எழுந்த அக்கா, அவர் மேசையிலேயே செய்தும் காட்டியிருக்கிறாள். தனக்கு இரண்டு சத்தம் கேட்டதாகச் சாதித்தார் அவர். வகுப்பில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "என் தம்பியைக் கேளுங்க, அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று அக்கா பக்கத்து வகுப்பிலிருந்து என்னை இழுத்து வந்தாள். மறுபடி சுண்டினாள். சார் பிரம்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒக்கட்டா? ரெண்டா?" ஒன்றா இரண்டா என்று தெலுங்கில் கேட்டார்.

"ரெண்டு சார்" என்றேன்.

ஏழாம் வகுப்புப் பயல், தொடைநடுங்கி. இப்போது கையில் கிடைத்தால் அவனை ஓங்கி அறைவேன். சாரை மட்டும் விடுவேனா? சரியாகச் சொன்ன பெண்ணைப் பொய்க்காரி என்று ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தாரே, மனுஷனா அவர்? அப்பாவையும் வரவழைத்தார். "தம்பியே சொல்லிட்டான், அப்புறம் இன்னா வீம்பு உனுக்கு?" என்றார் அப்பா. அக்கா என்னைப் பார்த்தாள். பத்தாவது முடிந்ததும் சயின்ஸ் கிடையாது என்று காமர்ஸில் தள்ளிவிட்டார்கள்.

மேசையை அப்படியே போட்டுவிட்டு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறாள்.

"அக்கா, அன்னிக்கு ஒரு சத்தம்தான்கா கேட்டுச்சு."

அந்தப் பக்கம் பெட்டி இறக்கும் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட இன்னாத்துக்குடா சொல்ற? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. போய் சார்கிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

சார் செத்துப் பல வருஷமாகிறது. அப்பாவும் போய்விட்டார். பள்ளிக்கூடத்தை இடித்துக் கார் ஷோரூம் கட்டிவிட்டார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்ல?