வெடிப்பை மறைத்த குடை

வெயிலோ மழையோ, கையில் குடையில்லாமல் அந்த வீட்டுத் தரகரை யாரும் பார்த்ததில்லை. அதனால் ஊருக்கு அவர் குடைக்காரர். அது எதற்கென்று அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். வீடு காட்டப் போகிற இடத்தில், சுவரில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கே குடையை விரித்துச் சாய்த்து வைப்பார். கேட்டால் காயட்டும் என்பார், மழை பெய்து மாதம் ஒன்று ஆகியிருந்தாலும்.

பக்கத்தில் நாலுவழிச் சாலை வந்த பிறகு, லீவு நாளில் வந்து தங்க வீடு வேண்டுமென்று நகரத்துக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். குடைக்காரர் சும்மா இருப்பாரா? டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும், "இனிமே இங்க ஓட்டு வீடுகூடத் தங்கம்" என்று சொல்லிச் சொல்லியே விலையை ஏற்றிவிட்டார். உள்ளூரில் உழைக்கிறவர்களுக்கு உள்ளூரிலேயே வீடு எட்டாமல் போனது.

நுணலும் தன் வாயால் கெடும். பதினாறு வருடமாக அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா ஒருநாள் வந்து நின்றார்.

"மககிட்டயே போயிடப் போறேன். வீட்டை வித்துக் குடுங்க. நீங்க சொல்ற அதே தங்க விலைக்கு."

குடைக்காரரின் மனைவி பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள். கூட்டுறவு வங்கிக்குப் போய்க் கடன் விசாரித்தாள். கேட்ட விலையில் பாதிதான் தேறியது. "வர்றவங்களை எப்படியாவது விரட்டி விடுங்க. அப்புறம் அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். அவரும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி காரில் வந்தார்கள். கூடவே அந்த அம்மாவும். விரட்ட வேண்டிய மனிதருக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது. கை தானாகப் போய்க் கூடத்து வெடிப்பின்மேல் குடையை விரித்து வைத்தது. வாய் தானாக, "காத்தைப் பாருங்க, ஃபேனே வேண்டாம்" என்றது. வந்தவர்களின் முகம் மலர்ந்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

மனைவி வந்து குடையை மடக்கினாள்.

"இது வெடிப்பு. அடுப்படி ஒழுகும். கோடையில கிணறு காலை வாரிடும். வேற ஏதாவது பாக்கணுமா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

"என் வீட்டையே என் முன்னாடி இப்படிப் பேசறியே" என்றார் அந்த அம்மா கோபமாக.

"வெடிப்போட வாங்கிக்க நாங்க இருக்கோம்மா. ஆனா ஊர் விலைக்கு இல்ல, வீட்டு விலைக்கு."

அம்மா குடைக்காரர் பக்கம் திரும்பினார். "குடையை வச்சு மறைக்காம நீங்க சொல்லுங்க. இது என்ன பெறும்?"

குறைத்துச் சொன்னால் வீடு கைக்கு வரும், அந்த அம்மாவின் வயிற்றில் அடித்ததாகும். மென்று விழுங்கி ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. கடனாகக் கிடைக்கிற தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். மனைவி முறைத்தாள். பாவி மனுஷன், உண்மை பேச இன்றைக்குத்தானா நாள் பார்க்க வேண்டும்?

அம்மா ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்தார்.

"உங்க வாயிலேர்ந்து வந்ததுல நான் நம்பற முதல் விலை இதுதான். குறையறதை மெதுவா குடுங்க. தரகு மட்டும் கேக்கக் கூடாது."

குடைக்காரர் அங்கேயே அழுதுவிட்டார். வெட்கப்படவும் இல்லை.

வாடகை வீடுதானே என்று பதினாறு வருடம் விட்டுவைத்த வெடிப்பை, மறுநாள் காலை அவரே சிமென்ட் குழைத்து அடைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வேறொரு வீட்டைக் காட்டக் கிளம்பியவரிடம் மனைவி குடையை நீட்டினாள்.

"இருக்கட்டும். மழை வந்தா எடுத்துக்கறேன்" என்றார்.