நாலு நூல் இடைவெளி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஆறு மாதம் ஓர் இரும்பு வளையத்தோடு சண்டை போட்டவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குக் கூடைப்பந்து அப்போதுதான் வந்தது. பையன்கள் பள்ளியில் முன்பே உண்டு. ஆனால் எங்களுக்கு அவர்களுடைய மதிலுக்கு மேலே வளையம் மாட்டும் பலகையின் உச்சி மட்டும்தான் தெரியும். எங்கள் விளையாட்டு டீச்சரும் அதைப் புத்தகத்தில் படித்தவர்தான், ஆடியவர் இல்லை. வளையம் பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று படித்துச் சொன்னார். வளையத்தின் அகலத்தை மட்டும் கோட்டைவிட்டார். பந்தையே பூட்டுப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பி, "இது உள்ள போய் வரணும்" என்று சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரர் பூட்டு செய்கிற மனுஷர். சாவிக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதில் கெட்டிக்காரர். வளையத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "சுத்தி நாலு நூல் விட்டிருக்கேன் டீச்சர். தாராளம்" என்றார். நாலு நூல் என்றால் அரை அங்குலம்.

தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தினமும் சாயங்காலம் எறிவோம். ஐம்பது எறிந்தால் இரண்டு விழும். பந்து நேர் மேலே எழும்பி நட்டநடுவில் இறங்கினால்தான் உள்ளே போகும். கொஞ்சம் சாய்ந்தாலும் வளையம் துப்பிவிடும். உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள், நமக்குத்தான் கை விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் ஆத்திரத்தில் கம்பத்தை உதைத்து, கால் விரல் வீங்கி, வீட்டுக்குப் போக அகரம் பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டே போனேன். மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றதும் நான்தான். கத்தலாம், ஓடலாம், "பொம்பளப்புள்ளையா நீ" என்று ஒருத்தரும் கேட்காத இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அதற்கும் ஆபத்து வந்தது. தலைமையாசிரியைக்கு அந்த இடத்தில் காய்கறித் தோட்டம் போட ஆசை. நாற்றுகூட விட்டுவிட்டார். "மதுரையில பள்ளிக்கூடங்களுக்குள்ள போட்டி வருது. ஒரு ஆட்டமாவது ஜெயிச்சிட்டு வாங்க. இல்லேன்னா கம்பத்தப் பிடுங்கிட்டு கத்திரி நட்டுருவேன்" என்றார். அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை.

ரயிலேறி மதுரை போனோம். மைதானத்தில் கால் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே வளையம் அண்டா வாய் மாதிரி அகலமாக இருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நேரே நடுவரிடம் போனேன்.

"சார், இது அழுகுணி ஆட்டம். அவுக ஊருன்னு வளையத்தப் பெருசு பண்ணி வச்சிருக்காக."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லா ஊர்லயும் வளையம் இதாம்மா. பதினெட்டு அங்குலம். உங்க ஊர்ல எப்படி?"

இரண்டு கையாலும் வட்டம் பிடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அதுலயா போட்டீங்க இம்புட்டு நாளும்?" என்றார். எனக்குப் பின்னால் எங்கள் டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டத்தில் எனக்கு வந்த முதல் பந்தைப் பழக்கப்படி நேர் மேலே தூக்கி எறிந்தேன். இரும்பில் படாமலே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் அவர்களுக்குப் பக்கத்தில்கூட எங்களால் நிற்க முடியவில்லை. ஆனால் பந்து கைக்கு வந்தால் நாங்கள் வீணாக்கவில்லை. ஜெயித்தோம். நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அடுத்த ஆட்டத்தில் செமத்தியாக உதை வாங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பியதும் தலைமையாசிரியை நாற்றுகளை வேலியோரம் நட ஆரம்பித்தார். அந்த வாரமே பட்டறைக்காரர் புது வளையத்தோடு வந்தார். மாட்டிவிட்டு இறங்கியவருக்கு முகமே சரியில்லை.

"இம்புட்டு எடம் விட்டா எந்தச் சாவியும் தெறக்குமே. இதுல யாரு வேணா போடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க போடுங்கண்ணே, பாப்போம்" என்று பந்தை நீட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எறிந்தார். பந்து பலகையைத் தாண்டிப் போய்விட்டது. இன்னொரு தடவை எறிந்தார். அதுவும் போனது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வேலியோரம் குனிந்து நட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை எழுந்து வந்தார். கைச்சேற்றைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "இங்க குடு" என்றார். மார்போடு அணைத்து எறிந்தார். வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

ஓடிப்போய் எடுத்துவந்து நானே கொடுத்தேன். மறுபடி எறிந்தார். விழவில்லை. மணி அடித்தது, மற்ற பிள்ளைகள் வகுப்புக்குக் கலைந்தார்கள். அவர் போகவில்லை.

"இன்னொரு தடவை குடுடி" என்றார்.