மைனி உறங்காத வீடு

சாலைக் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைப் படியேறி, மைனி தன் இடது கையை ஆசாரியின் முன்னால் நீட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. கல்யாண மோதிரம் விரலில் புதைந்து, சுற்றிலும் சதை சிவந்து வீங்கியிருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தாயிற்று, எண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று, அது அசையவில்லை. ஆசாரி மெல்ல அறுத்தெடுத்தார். எடுத்துவிட்டு, "சாப்பாட்டைக் கொறச்சாத்தான் சரியாவும், கேட்டேளா?" என்றார். மைனி சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்ததும் ஊருக்கே வாயில் வந்தது இந்த ஒரே பேச்சுதான்.

அண்ணன் மனைவியை மைனி என்பது எங்கள் நாஞ்சில் நாட்டு வழக்கம். குடும்பம் மலையாளத்துப் பக்கம் வலியசாலைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆனபிறகும் அந்தச் சொல் எங்களோடுதான் இருக்கிறது. கல்யாணமாகி வந்தபோது மைனி ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். "காத்தடிச்சா நம்ம மருமவளப் பிடிச்சுக்கிடணும்" என்று அம்மா கேலி செய்வாள். அம்மா போனபின் வீடு மொத்தமும் மைனியின் தலையில் விழுந்தது. என்னைக் கட்டிக்கொடுத்தது பக்கத்தில் கரமனையில். ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் பார்ப்பேன். முகம் ஊதிக்கொண்டே வந்தது, கண்ணுக்குக் கீழே கருத்துக்கொண்டே வந்தது. முகம் ஊதியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அண்ணனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அமெரிக்காக்காரனின் பகல்தான் அவனுக்கு ஆபீஸ் நேரம். நடுச்சாமம் தாண்டி வருவான். தோசை சுடச்சுட வேண்டும், ஆறினால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. அவன் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்கு அப்பா எழுந்துவிடுவார். கிழக்கேகோட்டை கோவிலில் நடை திறந்ததும் அன்றைய முதல் தரிசனமான நிர்மால்யம் தொழ வேண்டும், அவருக்கு அதில் ஒருநாள் தவறக் கூடாது. ஹீட்டர் தண்ணீர் உடம்புக்கு ஆகாதென்று அடுப்பில் காய்ச்சிய வெந்நீர், அதன்பின் காப்பி. அவர் படியிறங்கினால் பிள்ளைகளின் ஸ்கூல் பஸ்ஸுக்கு டிபன். தனக்குத் தோசை சுட்டுவிட்டு அவள் விடியும்வரை உறங்குகிறாள் என்று அண்ணன் நினைத்தான். சீக்கிரமே படுத்து நன்றாக உறங்கிவிட்டுத் தனக்காக எழுந்து வருகிறாள் என்று அப்பா நினைத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி இரவைத்தான் பார்த்தார்கள்.

அவள் ஒன்றுமே தின்னவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தின்றாள். பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட், டப்பாவில் கிடந்த ஏத்தங்காய் உப்பேரி, எது கைக்கு அகப்பட்டதோ அது. ஒருநாள் கேட்டேன். செல்லமாக என்னை அவள் கூப்பிடுவது மக்களே என்றுதான். "இடையில படுத்தா எந்திரிக்க மாட்டேன் மக்களே. எதையாச்சும் கொறிச்சாத்தான் கண்ணு நிக்கும். வயிறும் ஓயாம கேக்குது, என்ன எழவுன்னு தெரியல" என்றாள். சொல்லிவிட்டு, யாரும் கேட்டுவிட்டார்களோ என்று வாசல் பக்கம் பார்த்தாள்.

வீட்டில் அவளுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. "வாயைக் கட்டணும்மா" என்று அப்பா ஏகாதசி விரதம் எடுக்கச் சொன்னார். விரத நாளில் பகலில் உறங்கக் கூடாதாம். என்றைக்காவது மத்தியானம் கண்ணயர்வாளே, அந்தக் கொஞ்சமும் அன்றைக்குப் போயிற்று. அண்ணன் தன் பங்குக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தான். அப்பா கோவிலுக்குப் போனதும் பிள்ளைகள் எழுவதற்குள் கோட்டைச் சுவரைச் சுற்றி நடந்துவிட்டு வரவேண்டும். நடந்தாள், பாவம். எடை ஏறிற்று. இன்னும் நட என்றார்கள். கல்யாண வீடுகளில், "அய்யோ, நல்லா தடி வெச்சல்லோ!" என்று, உடம்பு பெருத்துவிட்டதைச் சொல்லி, பக்கத்து வீட்டுச் சேச்சி கன்னத்தில் கைவைப்பாள். மைனி கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு எங்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினாள்.

மோதிரம் அறுத்த அன்றே அவளை ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் பார்த்து முடித்த டாக்டர், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. "ராத்திரி எத்ர மணிக்கூர் உறங்கும்?" என்று, உறங்குகிற மணிநேரத்தைக் கேட்டார். மைனி என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே அழுதுவிட்டாள். அத்தனை வருஷத்தில் அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. உறக்கம் குறைந்தால் பசி கூடும், வயிறு நிறைந்தது உடம்புக்குத் தெரியாது, களைப்பில் தின்றது கரையாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதல் மருந்து உறக்கம்தான் என்றார். ஆட்டோவில் வரும்போது மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல சொல்லாத மக்களே. உறங்கதுக்கு டாக்டர் சீட்டான்னு சிரிப்பாவ."

விடுவேனா நான்? அன்று சாயங்காலமே அப்பாவை உட்காரவைத்துச் சொன்னேன், அண்ணனுக்கு போன் போட்டும் சொன்னேன். "ஷிஃப்ட்டெல்லாம் நம்ம கைல இல்ல கேட்டியா" என்றான் அண்ணன். அப்பா சில நாள் தானே அடுப்பைப் பற்றவைத்தார். "நீ உறங்கும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் எந்த மருமகளும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எதிர்வீட்டில் யாரோ, "மருமவளுக்கு சுகமில்லையா?" என்று விசாரித்தார்கள். மறுநாள் முதல் பழையபடி வெந்நீர், காப்பி, தோசை.

ஒரு திங்கட்கிழமை, ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, மைனி அடுக்களைத் தரையில் சரிந்தாள். நெஞ்சடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள், "உடம்பு வெச்சா இதாக்கும் கேடு" என்று பேசிக்கொண்டார்கள். எழுந்துபோய் அவர்கள் வாயில் அடிக்கலாம்போல இருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து அழத்தான் முடிந்தது.

காரியம் முடிந்தபின், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று அண்ணன் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டான். ஒரே ஒரு மெயில். அடுத்த மாதமே பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ராத்திரி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறான், ஆறின தோசையைத்தான். அப்பா ஹீட்டர் தண்ணீரில் குளிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், "கோவிலுக்குப் போறதுக்கு முன்ன காப்பிக்கு என்ன செய்யுதிய?" என்று கேட்டேன்.

"கெழக்கே நடைக்கு எதிர்ல ஒரு கட உண்டுல்லா. அங்க குடிச்சுக்கிடுவேன். அந்நேரமே தொறந்திருவான்" என்றார்.

"புதுசா வந்த கடையா?"

"ஏய், புதுசா? நீ பொறக்கதுக்கு முன்னயே அங்கதான இருக்கு" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து வாசலுக்குப் போனார்.