காலி நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

மெந்தால் வாசனை. அதுவும் நல்ல மெந்தால் இல்லை. தலைவலித் தைலத்தைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தின் மேல் தெளித்தது போல் ஒன்று. தேக்கா உணவு நிலையத்தின் வாசலில் சக்கர நாற்காலியில் அமர்ந்து டிஷ்யூ பாக்கெட் விற்கும் பெரியவரிடம் வாங்குகிறேன், உறையைக் கிழிக்கிறேன், வந்துவிடுகிறது. இறைச்சிக் கடைகளின் ஈர நெடியையும் பிரியாணிச் சட்டியின் ஆவியையும் தரை கழுவிய மருந்தின் காரத்தையும் தாண்டி வந்து மூக்கடியில் நிற்கிறது. கையில் பாக்கெட்டோடு நானும் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி "கொஞ்சம் வழி விடுங்க" என்கிறார். விடுகிறேன்.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். கதை படித்துக் காட்டும்போதுகூட நடந்துகொண்டேதான் படிப்பேன். ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சந்தில், இரும்புச் சாமான் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை படிக்கிறேன். ஞாயிறு அன்று கடை அடைப்பு. கடைக்காரர் என் கணவரின் நண்பர், மாடியைச் சும்மா தந்தார். கீழே பெயின்ட் வாசனை, ஆணி மூட்டைகள், சுருட்டிய ரப்பர்க் குழாய்கள். மேலே ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். நான் சுவருக்குச் சுவர் நடப்பேன், கதை என்னோடு நடக்கும், பிள்ளைகளின் கழுத்துகள் இடமும் வலமும் திரும்பும்.

"ஆன்ட்டி, உக்காருங்க லா. டென்னிஸ் பாக்குற மாதிரி இருக்கு."

சொன்னவள் கிளமெண்டியிலிருந்து வருகிறவள். பத்து வயது, வாய் மட்டும் நாற்பது, பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா'. கதையைவிட, கதை முடிந்ததும் எல்லாரும் தேக்காவுக்குத் தோசை சாப்பிடப் போவதுதான் அவளுக்கு முக்கியம்.

அந்த மாடிக்குத்தான் ஒரு ஞாயிறு பர்மாவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் ஏறி வந்தார்கள். மோல்மேன் பக்கத்துத் தமிழர்கள். சிராங்கூனில் இருக்கும் அந்தத் தாயின் அக்கா, போய்ப் பார் என்று அனுப்பியிருந்தாள். ஊரில் சண்டை. பள்ளிக்கூடத்தின் கூரை போன பிறகு பிள்ளை பள்ளி என்று எதற்கும் போகவில்லை. அப்பா அங்கேயே தங்கிவிட்டார். ஃபோன் கிடைக்கிற நாளில் அவர் குரல் வரும். இந்த ஊரில் யாரும் அவர்களை அகதி என்று அழைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இங்கே எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. விசிட் பாஸில் வந்தவர்கள், அக்கா வீட்டுக் கூடத்தில் படுக்கை விரித்திருப்பவர்கள், அவ்வளவுதான்.

மகளுக்கும் பத்து வயது. கன்னத்தில் தனகா மரத்தை இழைத்த மஞ்சள் பூச்சு, காய்ந்து வெடித்திருந்தது. என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் நெஞ்சுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தாள்.

"சயாமா," என்றாள்.

"டீச்சர்னு சொல்றா," என்றாள் தாய்.

"நான் டீச்சர் இல்லம்மா, சும்மா கதை படிக்கிறவ."

மகள் யோசித்தாள். "புஸ்தகம் வெச்சிருக்கீங்களே," என்றாள். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து நான் சயாமா.

படித்து முடித்ததும் வழக்கம்போல் தேக்காவுக்குப் போனோம். ஞாயிறு மதியம், சந்தை போல் கூட்டம். நானும் தாயும் தோசை வரிசையில் நின்றோம். திரும்பிப் பார்த்தால் மகள் மேசைகளுக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலி மேசைகளில் இருந்த டிஷ்யூ பாக்கெட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அங்கே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார், வருவார். எவ்வளவு பசியோடு நின்றாலும் அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. எழுதாத சட்டம், எழுதிய பல சட்டங்களைவிட நன்றாக நடக்கிறது.

பிரியாணித் தட்டோடு ஒருவர் வந்தார். அவர் மேசையில் ஒரு குடும்பமே உட்கார்ந்து மீன் தலைக் குழம்பைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"யாரும்மா எடுத்தது? வெச்சிட்டுத்தானே போனேன்."

மகள் ஓடி வந்து மடியை விரித்துக் காட்டினாள். "நீங்க விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன் மாமா. பத்திரமா வெச்சிருக்கேன். இதுல எது உங்களோடது?"

அவர் பார்த்தார். எல்லாம் ஒரே நீலம், ஒரே மெந்தால். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அவர் முகத்திலேயே சுற்றியது. "எல்லாம் ஒண்ணு மாதிரில்ல இருக்கு," என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

கிளமெண்டிக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ, நீ எல்லார் சீட்டையும் கேன்சல் பண்ணிட்ட லா."

தாய் சிரிக்கவில்லை. மகளின் மடியிலிருந்து பாக்கெட்டுகளை வாங்கித் தூசி தட்டி அடுக்கினாள். பிறகு என்னிடம், தோசை வரிசையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. எங்க தெருவுல அப்படித்தான். சத்தம் கேட்டா சனம் அப்படியே எந்திரிச்சு ஓடிடும். சோத்துத் தட்டு, செருப்பு, பிள்ளையோட பொம்மை, எல்லாம் அப்படியே கெடக்கும். பக்கத்து வீட்டுல இருக்கிறவங்க எடுத்து வெப்போம். வந்தா குடுக்கணும் இல்லையா? இவதான் தெருத்தெருவாப் போயி எடுத்துட்டு வருவா."

"வந்தாங்களா?"

"காரச் சட்னி வேணுமான்னு கேக்குறாங்க," என்றாள் அவள். கடைக்காரர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளில்லாத மேசையில் ஒரு பொருள் இருந்தால் இங்கே ஒருவர் வரப்போகிறார் என்று அர்த்தம். அவளுக்கோ ஒருவர் போய்விட்டார் என்று. இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது ஒரு காகிதப் பொட்டலம். நான் அன்று சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

அடுத்த ஞாயிறே கிளமெண்டிக்காரி பாடம் நடத்தினாள். ஜன்னலோர நாற்காலி மகளுக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து போனாள், திரும்பி வந்தால் நாற்காலியில் கிளமெண்டிக்காரி.

"எந்திரி, என் இடம்."

"உன் பேரு எழுதியிருக்கா? டிஷ்யூ வெச்சிட்டுப் போகணும் லா. வெச்சா யாரும் தொட மாட்டாங்க. எங்கிட்ட இருக்கு, இந்தா." ஒரு பாக்கெட்டை அவள் கையில் திணித்துவிட்டு எழுந்துகொண்டாள்.

மகள் அதை நாற்காலியின் நடுவில் வைத்தாள். அறையின் மறுகோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். கீழே இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்து பார்த்தாள். பாக்கெட் இருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. அவள் முகத்தில் வந்த நம்பிக்கையை நான் பார்த்திருக்க வேண்டாம். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குக் கிளம்பும்போது பாக்கெட்டை அந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போவாள். வாரம் முழுக்க அது அங்கேயே இருக்கும். எதையாவது எடுக்க மாடிக்கு வரும் கடைப் பையன்கள்கூட அதைத் தொடவில்லை.

என்னிடம் இருந்த புத்தகங்களில் ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளைகளின் கதைகள் கொஞ்சம் இருந்தன. படகில் வருகிறவர்கள், பனியில் நடக்கிறவர்கள், மொழி புரியாத வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்கள். அவற்றை இவள் முன்னால் படிக்கலாமா என்று தயங்கி அடியில் ஒளித்துவைத்திருந்தேன். அட்டைப் படத்தைப் பார்த்து அவளே இழுத்தெடுத்தாள்.

"இது படிங்க சயாமா. கடைசிப் பக்கம் முதல்ல."

"அப்புறம் கதையில என்னம்மா இருக்கும்?"

"பள்ளிக்கூடம் வருதான்னு பாக்கணும். வந்தாத்தான் முன்னாடி படிக்கலாம்."

வந்தது. எல்லாக் கதைகளிலும் வந்தது. கடைசிப் பக்கத்தில் வகுப்பறை, பக்கத்து இருக்கைப் பிள்ளை நகர்ந்து இடம் கொடுக்கிறது, ஜன்னலில் வெயில். அவள் விரலை அந்த ஜன்னலில் வைத்துக்கொண்டு, "இப்ப மொதல்லேர்ந்து," என்பாள். இந்தக் கதைகளில் படகு பல பக்கங்களுக்கு ஓடுகிறது, பள்ளி சட்டென்று வந்துவிடுகிறது. நடுவில் உறவினர் வீட்டுக் கூடத்தில் காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பகல் முழுக்கச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பக்கங்கள் இல்லை. அவள் வாழ்ந்துகொண்டிருந்தது அந்தப் பக்கங்களில்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. ஆங்கிலம், கணக்கு. தேறினால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு பள்ளியில் இடமும் காலியாக இருக்க வேண்டும். இடம் கிடைத்தால் அவளுக்கு மாணவர் அனுமதி, தாயும் கூட இருக்க விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் விசிட் பாஸ் முடிகிற அன்று கிளம்ப வேண்டும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும். கிளமெண்டிக்காரி தன் பழைய ஆங்கிலப் பயிற்சித்தாள்களைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தாள்.

"ஸ்கூல் ரொம்ப போரிங் லா. நீ லக்கி, போகவே வேணாம்."

"அந்த லக்கை நீயே வெச்சுக்க. உன் பையைக் குடு, மாட்டிப் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமையில் கிளமெண்டிக்காரி பள்ளிப் பையோடு வந்ததே துணைப்பாட வகுப்புக்கு அடுத்துப் போக வேண்டும் என்பதால்தான். மகள் அதை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். பாரத்தில் பின்னால் சாய்ந்தாள்.

"இவ்வளவு கனமா?"

"தெனமும்."

"நல்லா இருக்கு," என்றாள், கழற்றாமல்.

தேர்வு எழுதினாள். ஆங்கிலத்தில் கட்டுரைக்குப் பள்ளியில் மறக்க முடியாத நாள் என்று ஏதோ கேட்டிருந்தார்களாம். "நான் பள்ளிக்கூடம் போகப்போற நாளை எழுதிட்டேன் சயாமா," என்றாள். முடிவு வரும் வரை எங்கள் மாடியில் யாரும் அதைப் பேசவில்லை. நான் மட்டும் முன்னிலும் வேகமாக நடந்தேன். பிள்ளைகள் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

முடிவு தாயின் ஃபோனுக்கு வந்தது. அவள் படியேறி மேலே வரவில்லை, கீழே ரப்பர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் இறங்கிப் போனேன்.

"இடம் இல்லையாம் அக்கா. எங்க அக்கா மக மூணு தடவை படிச்சு சொல்லிட்டா."

"பாஸை நீட்டிக் கேக்கலாமே?"

"கேட்டாச்சு. போதும்னுட்டாங்க." சேலை முந்தானையால் ஃபோனின் கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "கோலாலம்பூர்ல எங்க சித்தி மக இருக்கா. அங்க எங்கள மாதிரி பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுல பாடம் சொல்லித் தர்றாங்களாம். பெரிய பள்ளிக்கூடம் இல்ல. வீடுதான்."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்றதுக்கு முன்னாடியே துணிய மடிச்சு வெச்சிட்டா. எம் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவா. பழகிப்போச்சு அவளுக்கு."

மேலே அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைத் திறக்காமல், ஒரு புத்தகத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக, படகு வரைக்கும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடியில் படிக்கிறேன். புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஜன்னலோர நாற்காலியில் ஒரு நீல பாக்கெட் இருக்கிறது. கிளமெண்டிக்காரி வைப்பது. உறை கிழிந்துபோனால் புதிதாக ஒன்று வாங்கி வைக்கிறாள். யாருக்கு என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா லா," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வழக்கம் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: வைத்தால் வருவார்கள். நானும் அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் போகிறவள் என்னிடம் சொல்லிவிட்டுப் போனது வேறு.

குவீன் ஸ்திரீட்டில், எல்லை தாண்டிப் போகும் ஜொகூர் பேருந்துகள் கிளம்பும் இடம் எங்கள் சந்திலிருந்து நடக்கிற தூரம்தான். வழியனுப்பப் போனேன். பெரியம்மா வாங்கித் தந்த புதுப் பையை அவள் இரண்டு தோளிலும் மாட்டியிருந்தாள், பள்ளிப் பிள்ளை போல. தாய் முன்னால் ஏறி மூட்டையை இழுத்தாள். ஓட்டுநர் எஞ்சினை முடுக்கினார். மகள் படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கி வந்தாள். சட்டைப் பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அந்த மெந்தால் பாக்கெட். உறை நைந்து, மூலைகள் வெளுத்திருந்தன.

"நாற்காலியிலேர்ந்து எடுத்துட்டு வந்துட்டேன்," என்றாள்.

"ஏம்மா? அங்கயே இருந்திருக்கட்டுமே."

அவள் என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் பொறுமையாகச் சொன்னாள்.

"வரமாட்டோம்னு தெரிஞ்சா எடுத்துடணும் இல்ல, சயாமா? யாராச்சும் உக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே இருப்பாங்க."